மாரின்னு வச்சா என்ன?

மக்களே, உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல கடைசியா எப்ப நூறு மெசேஜ் தாண்டி சண்டை நடந்துச்சு? எங்க வீட்ல போன மாசம் நடந்துச்சு. சொத்துச் சண்டை இல்ல, கல்யாணச் சீர் இல்ல. இன்னும் பொறக்காத ஒரு குழந்தையோட பேருக்காக.

அக்காவும் மச்சானும் கலிஃபோர்னியாவுல, சான் ஹோசேல இருக்காங்க. (ஜோஸ் இல்ல, ஹோசே. எங்க அப்பாவுக்கு நாலு வருஷமா சொல்லிக் கொடுக்குறேன், இன்னும் "சான் ஜோஸ்"தான்.) பொண்ணுன்னு டாக்டரே முன்னாடி சொல்லிட்டாங்க. அங்க அது வழக்கம், இங்க 1994 சட்டப்படி சொன்னா குத்தம். அக்கா வேலைக்குப் போனதும் பிள்ளையப் பாத்துக்கப் போறது பெரு நாட்டிலிருந்து வந்த ஒரு அம்மா. அவங்க பேசுறது ஸ்பானிஷ். பக்கத்து வீடும் எதிர்வீடும் ஸ்பானிஷ்தான். ஸ்கூல்ல பாதிப் பேர் அப்படித்தான் இருப்பாங்கன்னு மச்சான் சொல்றார். அதனால குரூப்ல அக்கா ஒரு கண்டிஷன் போட்டா. பேர் தமிழா இருக்கணும், இங்கிலீஷ்காரங்க வாயில உடையாம நிக்கணும், ஸ்பானிஷ்ல ஏடாகூடமா அர்த்தம் வரக் கூடாது.

"நீதான தாய்மாமன், இன்ஜினியரிங் வேற படிக்கிற, ஒரு லிஸ்ட் போடு"ன்னு வேலை என் தலையில வந்து விழுந்துச்சு. காது குத்துறப்ப பிள்ளை என் மடியிலதான உக்காரணும், மாட்டேன்னு சொல்ல முடியுமா? செமஸ்டருக்குப் படிக்கிறத விட்டுட்டு ஸ்பானிஷ் அகராதியும் கையுமா உக்காந்தேன். அதுல தெரிஞ்சுக்கிட்டத உங்ககிட்ட சொல்லணும். உங்கள்ல பாதிப் பேர் எம்.எஸ். பண்ண ஏதோ ஒரு நாட்டுக்குப் போகப் போறீங்க, என்னைக்காவது உங்களுக்கும் இந்தப் பஞ்சாயத்து வரும்.

முதல்ல அடிபட்ட பேர்களைச் சொல்றேன். மாலா: ஸ்பானிஷ்ல 'கெட்டவள்'. லதா: 'லாத்தா'ன்னா தகர டப்பா. மீனா: 'மினா'ன்னா சுரங்கம். மீனாட்சி ஊர்ல இருந்துக்கிட்டு இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மீரா: 'மீரா'ன்னா 'இங்க பாரு'. தெருவுல யார் யாரைக் கூப்பிட்டாலும் பிள்ளை திரும்பிப் பாக்கும். ரோஜா: எழுதினபடி படிச்சா 'ரோஹா', அப்படின்னா சிவப்பு. ஸ்பெயின் ஃபுட்பால் டீமுக்கே 'லா ரோஹா'ன்னுதான் செல்லப்பேர். பையனா இருந்து மணின்னு வச்சிருந்தா பெரு நாட்டு அம்மா சிரிச்சிருப்பாங்க, 'மனி'ன்னா அவங்க ஊர்ல வேர்க்கடலை. நாம வீட்ல கொஞ்சுற 'பாப்பா'வும் தப்பிக்கல. 'பாபா'ன்னு அழுத்திச் சொன்னா லத்தீன் அமெரிக்கா முழுக்க அது உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கோட பூர்வீகமே பெரு பக்கம்தான், அதனால அவங்க அதைக் கேவலமா எடுத்துக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

தேறின பேரும் இருக்கு. செல்வான்னா அடர்ந்த காடு. வேலான்னா மெழுகுவர்த்தி, கப்பல் பாய்க்கும் அதே சொல்தான். முருகனைக் கூப்பிடுற பேர்ல விளக்கு எரியுதுன்னா நல்லாத்தான இருக்கு. நிலாவுக்கு அங்க ஒரு அர்த்தமும் இல்ல, தொந்தரவும் இல்ல.

அர்த்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதுல என்னை உண்மையா ஆச்சரியப்படுத்தினது ஒலிதான். நம்ம பேர வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் ஒரே மாதிரிக் கொல்லுவாங்கன்னு நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. ஸ்பானிஷ்ல அ, எ, இ, ஒ, உன்னு அஞ்சே உயிர், எழுதினபடி படிப்பாங்க. அவங்க 't' நம்ம 'த'வுக்குப் பக்கத்துல நிக்கும், இங்கிலீஷ் 'ட' மாதிரி இடிக்காது. மென்மையா ஒரு ர, உருட்டி ஒரு ர, ரெண்டும் தனித்தனியா உண்டு. 'ஞ'வுக்குத் தனி எழுத்தே வச்சிருக்காங்க, என் மேல ஒரு நெளிவு போட்ட எழுத்து. நம்ம முருகனை இங்கிலீஷ்காரர் 'மெர்கன்' ஆக்குவார், ஸ்பானிஷ்காரர் 'முரூகன்'னு நிறுத்துவார். எது பரவாயில்ல?

ஆனா அவங்களுக்கும் சில இடம் இடிக்கும். 'v' எல்லாம் 'ப' மாதிரி, 'j' எல்லாம் 'ஹ' மாதிரி, 'h' வாயே திறக்காது, ரெண்டு 'l' சேந்தா 'ய'. அப்ப விஜய் 'பிஹாய்' ஆயிடுவார், ஹரி 'ஆரி' ஆயிடுவார். நம்ம வள்ளி அங்க 'பாயி'. அதே வள்ளி இங்கிலீஷ்காரங்க வாயில பள்ளத்தாக்கு. சிலிக்கான் பள்ளத்தாக்குலயே இருந்துக்கிட்டு அந்தப் பேர் வைக்கணுமான்னு மச்சான் கேட்டார். 'ழ' ரெண்டு பேருக்குமே கிடையாது. நமக்கே அது பாதிப் பேருக்குக் கிடையாதுன்னு வைங்க, மதுரையில நின்னு 'வாளைப்பளம்' வாங்காதவங்க கை தூக்குங்க.

இங்க ஒரு கேள்வி வரும். குரூப்ல சித்தப்பா கேட்டார்: "நம்ம பிள்ளைக்குப் பேர் வைக்க அடுத்தவன் நாக்க ஏன் அளக்கணும்? அவன் கத்துக்கட்டுமே." கேக்க நல்லாத்தான் இருக்கு. நானும் லைக் போட்டேன். ஆனா என் பேர்ல நடுவுல ஒரு 'ழ' இருக்கு, அதோட வாழ்றது நான்தான, சித்தப்பா இல்லையே. பத்தாவது மார்க்‌ஷீட்ல அது 'zh', ஆதார்ல 'l', ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க ஒரு ஆபீஸ்ல மூணு நாள் நின்னேன். போன வருஷம் இன்டர்ன்ஷிப்ல வெளிநாட்டு க்ளையன்ட் ஒருத்தர் முதல் நாள் என் பேரச் சொல்ல முயற்சி பண்ணினார், ரெண்டாம் நாள் ரெண்டெழுத்தா வெட்டினார். நான் ஒண்ணும் சொல்லல. அந்த ரெண்டு மாசமும் வேற ஒருத்தனாத்தான் மீட்டிங்ல உக்காந்திருந்தேன். அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரு தடவை திருத்தியிருக்கலாமேன்னு என் மேலதான் இன்னும் இருக்கு. அதனால அக்கா போட்ட கண்டிஷன் கோழைத்தனம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா அந்தக் கண்டிஷன எப்படிப் புரிஞ்சுக்கிறோங்கிறதுலதான் எனக்குச் சண்டை. இப்போதைய ஃபேஷன் உங்களுக்குத் தெரியும். ரெண்டே அசை, எந்த ஊர்லயும் சொல்லலாம், எந்த ஊருக்கும் சொந்தமில்ல. ஏர்போர்ட்ல விக்கிற சாண்ட்விச் மாதிரி. குரூப்ல வந்த நாப்பது பேர்ல முப்பது அப்படித்தான். அர்த்தம் கேட்டா "ஒளி"ம்பாங்க, இல்லேன்னா "கடவுளின் பரிசு". ரெண்டு மொழியில செல்லுபடியாகணும்னா ரெண்டுலயும் வெறுமையா இருக்கணும்னு யார் சொன்னது?

இந்த ஊர்ல இது புதுப் பிரச்சனையே இல்ல. 1606-ல ராபர்ட் தெ நோபிலின்னு ஒரு இத்தாலியர் மதுரைக்கு வந்தார், தத்துவ போதகர்னு ஆனார். நூறு வருஷம் கழிச்சு இன்னொரு இத்தாலியர், கொன்ஸ்தான்சோ பெஸ்கி. கொன்ஸ்தான்சோன்னா நிலைகுலையாதவர், அதனால முதல்ல தைரியநாதர், பிறகு நாம எல்லாரும் தமிழ்ப் பரீட்சைக்குப் படிச்ச வீரமாமுனிவர். நம்ம பஸ் உசிலம்பட்டி ரோட்ல கருமாத்தூர் தாண்டுறப்ப அருளானந்தர் கல்லூரி வரும் பாருங்க, அந்த அருளானந்தர் லிஸ்பன்ல 1647-ல பொறந்த ஜான் தெ பிரிட்டோ. ஜான்ங்கிற பேருக்கு எபிரேய மூலத்துல 'கடவுள் அருளினார்'னு பொருள், அந்த அருள்தான் தமிழ்ப் பேர்ல உக்காந்திருக்கு. 1693-ல ஓரியூர்ல கொல்லப்பட்டார்.

இவங்க யாரும் பேர நறுக்கல. ரெண்டு வழி வச்சிருந்தாங்க: ஒண்ணு ஒலிய நம்ம வாய்க்கு வளைக்கிறது, இன்னொண்ணு பொருளைத் தமிழ்ல திருப்பி எழுதுறது. பவுல்னா லத்தீன்ல சின்னவர், அதனால சின்னப்பர். ஸ்பானிஷ் பொண்ணுங்களுக்கு டோலோரஸ்னு ஒரு பேர் உண்டு, 'துயரங்கள்'னு அர்த்தம், துயர மாதாவோட பேர். அதே மாதா பேர்ல நம்ம ஊர்ல வியாகுலம்மாள் இருக்காங்க. மெக்சிகோ டோலோரஸும் நம்ம பக்கத்து கிராமத்து வியாகுலம்மாளும் பேர் அளவுல அக்கா தங்கச்சி. லூர்துக்கு வளைக்கவே வேண்டாம், அங்கயும் லூர்து, இங்கயும் லூர்து.

ஒலிய வளைச்சதுல எனக்குப் பிடிச்சது சேவியர். இன்னைக்கு ஸ்பெயின்ல இருக்கிற ஹவியேர்ங்கிற கோட்டையில 1506-ல பொறந்தவர், 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தவர். பாஸ்க் மொழியில அந்த ஊர்ப் பேருக்கு 'புது வீடு'ன்னு அர்த்தம். இங்க சவேரியார், இங்கிலீஷ்ல ஸேவியர், ஸ்பானிஷ்ல ஹவியேர். உங்க ஹாஸ்டல்ல ஒரு சேவியர் இருந்தா அவனைக் கூப்பிட்டு "டேய் புதூர்க்காரா"ன்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் இன்னொண்ணு. போர்ச்சுகீசியர் கூட வந்த ஜோசேதான் நம்ம வாயில சூசை. அதாவது அக்கா குடியிருக்கிற சான் ஹோசே, சுத்தத் தமிழ்ல சூசையப்பர் ஊர். கோரிப்பாளையத்துல அதே பேர் யூசுப். ஒரே பேர், நாலு தெருவுல நாலு விதமாக் கூப்பிடுறாங்க, யாரும் யாரையும் திருத்தல.

இதைத் தமிழ்க்காரங்க தங்களுக்குள்ளயும் செஞ்சிருக்காங்க. திருப்பரங்குன்றம் தாண்டினா விளாச்சேரி. அங்க 1870-ல பொறந்த சூரியநாராயண சாஸ்திரி தன் பேர அப்படியே பெயர்த்து, சூரியனைப் பரிதி, நாராயணனை மால், சாஸ்திரியைக் கலைஞர்னு மாத்தி, பரிதிமாற்கலைஞர் ஆனார். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனது அதுக்கப்புறம்தான். பேர்ங்கிறது உடைஞ்சு போற கண்ணாடி இல்லன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, நடைமுறைக்கு வருவோம். பேர் வேற, ஸ்பெல்லிங் வேற. நாம ரெண்டையும் குழப்பிக்கிறோம். பேர மாத்த வேண்டாம், ஸ்பெல்லிங்கத்தான் யோசிச்சு வைக்கணும், ஏன்னா சாகுற வரைக்கும் எல்லா ஃபாரத்துலயும் அதுதான் இன்புட். 'tha'ன்னு நாம போடுற 'h' இங்கிலீஷ்காரங்களைக் குழப்பும், ஸ்பானிஷ்காரங்க அதைக் கண்டுக்கவே மாட்டாங்க. ராசின்னு நியூமராலஜிக்காரர் சொல்லி ரெண்டு 'a' சேத்தா, அந்த ரெண்டாவது 'a'வுக்காகப் பிள்ளை வாழ்நாள் முழுக்க "டபுள் ஏ"ன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருக்கும். இங்க பிறப்பைப் பதிஞ்சுட்டுப் பேரை ஒரு வருஷத்துக்குள்ள இலவசமாச் சேத்துக்கலாம், தாமதக் கட்டணம் கட்டினா பதினஞ்சு வருஷம் வரைக்கும் டைம் உண்டு. அங்க ஆஸ்பத்திரியிலயே எழுதிக் கேப்பாங்க. இன்னொரு கூத்து தெரியுமா? கலிஃபோர்னியா பிறப்புச் சான்றிதழ்ல ரொம்ப வருஷம் இங்கிலீஷ் இருபத்தாறு எழுத்து மட்டும்தான் இருந்துச்சு. நெளிவு, மேற்கோடு எதுவும் கூடாதுன்னு வச்சிருந்தாங்க. ஹோசேயோட கடைசி எழுத்து மேல ஒரு கோடு இருக்கணும், நகராட்சி தன் ஊர்ப் பேர அப்படித்தான் எழுதுது, அதே ஊர்ல பொறந்த ஹோசேவுக்கு அது கிடைக்கல. நம்ம 'ழ' மட்டும் தனியா அழல, மனசத் தேத்திக்கலாம்.

எம்.எஸ். போறவங்களுக்கு ஒரு வார்த்தை, இது தலைப்புக்கு வெளியேதான். பாஸ்போர்ட்ல ஒரே பேர் மட்டும் இருந்தா, அமெரிக்க விசாவுல உங்க பேர் குடும்பப் பேர் கட்டத்துக்குப் போயிடும், சொந்தப் பேர் கட்டத்துல FNU-ன்னு வரும், 'முதல் பேர் தெரியல'ன்னு அர்த்தம். பேங்க்ல, யூனிவர்சிட்டியில எல்லாம் உங்களை ஃப்னூன்னு கூப்பிடுவாங்க. நம்ம இனிஷியல் முறை எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த ஃபாரத்துக்கு அது புரியாது. பாஸ்போர்ட் எடுக்கிறப்பவே இனிஷியல விரிச்சு அப்பா பேரையோ அம்மா பேரையோ ரெண்டாவது கட்டத்துல போட்டுருங்க.

இப்ப சண்டைக்கு வர்றேன். சோழவந்தான்ல எங்க அம்மாச்சி இருக்காங்க. ஊர் பேரையே பாருங்க, சோழனை ரயில்வே போர்டுல 'ஷோலா' ஆக்கி வச்சிருக்கான், எண்ணெய்ல சுட்ட பூரி மாதிரி. அம்மாச்சிக்குக் குரூப் கிடையாது, என் போன்லதான் கேட்டாங்க. "என்னய்யா, பேரு முடிவாயிருச்சா?" நான் நாப்பதையும் வாசிச்சேன். அமைதியாக் கேட்டுட்டு, "இதுல எதையும் என்னால கூப்பிட வராதேய்யா"ன்னாங்க. அப்புறம் மெதுவா, "எங்காத்தா பேரு மாரியம்மா. ஜெனகை மாரி குடுத்த பிள்ளைனு வச்ச பேரு. இந்த வீட்ல இன்னும் யாருக்கும் அத வைக்கல"ன்னாங்க.

பேரன், பேத்திங்கிற சொல்லே பெயர்லருந்து வந்ததுதான். பெயரன், பெயர்த்தி, பேர எடுத்துட்டுப் போற ஆள். எங்க வீட்ல எல்லாரும் பேத்திதான், யார்கிட்டயும் பேர் இல்ல.

அன்னைக்கு ராத்திரி மாரிய லிஸ்ட்ல போட்டுப் பாத்தேன். ஸ்பானிஷ்ல மாரிங்கிறது மரியாவைச் சுருக்கிக் கூப்பிடுற பேர், வீட்டுக்கு வீடு ஒரு மாரி உண்டு. பெரு நாட்டு அம்மா ஒரு நொடி யோசிக்க மாட்டாங்க. இங்கிலீஷ்ல நாலு எழுத்து, கொஞ்சம் இழுத்தா மேரி பக்கம் போகும், அதுவும் அதே மரியாதான். தமிழ்ல மழை. மெக்சிகோவுல மழைங்கிற அர்த்தத்துலயே யூவியான்னு பொண்ணுங்களுக்குப் பேர் வைக்கிறாங்க. வைகையில தண்ணி பாக்குறது அபூர்வமாப் போன ஊர்க்காரங்களுக்கு இத விட வேற என்ன பேர் வேணும்? அக்காவோட மூணு கண்டிஷனும் பாஸ். நாப்பதுல ஒண்ணு கூட மூணும் பாஸ் ஆகல.

குரூப்ல போட்டேன். அரை மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பெரியம்மா ஒரு சிரிப்பு ஸ்மைலி. சித்தி: "ரவுடி பேரு மாதிரி இருக்குடா." 2015-ல தனுஷ் படம் வந்ததுலருந்து அப்படித்தான். "கத்துக்கட்டுமே"ன்னு வீரமாப் பேசின சித்தப்பா: "கொஞ்சம் பட்டிக்காடாத் தெரியுது." கடைசியா அக்கா தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா. "எனக்குப் பிடிச்சிருக்குடா. ஆனா இங்க ஒயிட்காரங்களோ ஸ்பானிஷ்காரங்களோ ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நம்ம தமிழ் அசோசியேஷன் பொங்கலுக்குப் போவோம்ல, அங்க 'மாரியா'ன்னு ஒரு மாதிரிப் பாப்பாங்க. எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு மனசுக்குள்ள கணக்குப் போடுவாங்க. அதான் யோசிக்கிறேன்."

மக்களே, இதத்தான் நான் எழுத வந்தேன். ரெண்டு மொழிக்கு ஒத்து வரணும்னு அகராதி புரட்டினது எல்லாம் சும்மா. இங்கிலீஷும் ஸ்பானிஷும் கதவைத் திறந்து வச்சிருக்கு. உள்ள விடாம நிக்கிறது நாமதான். மாரி, கருப்பாயி, பேச்சி, முனியாண்டின்னு கேட்டதும் நம்ம உதட்டோரம் வர்ற ஒரு சின்னச் சிரிப்பு இருக்கே, அந்தச் சிரிப்பு எந்த அகராதியிலயும் கெட்ட அர்த்தம்னு போடல. ஆனா அதுக்குப் பயந்துதான் ரெண்டு தலைமுறை தங்கள் ஆத்தா பேர வைக்காம விட்டிருக்கு. 'மாலா'வுக்கு அங்க 'கெட்டவள்'னு அர்த்தம்னா அது தற்செயல். 'மாரி'ய நாம கீழ வச்சது தற்செயல் இல்ல. அதுக்குப் பின்னாடி யார் எந்தப் பேர வைக்கலாம்னு ஊர் போட்டு வச்ச வரிசை இருக்கு, நம்ம கிளாஸ் அட்டெண்டன்ஸ எடுத்துப் பாத்தாலே தெரியும், எந்தப் பேர் கூப்பிடுறப்ப பின் பெஞ்சு சிரிக்குதுன்னு. நானும் அந்தப் பின் பெஞ்சுல சிரிச்சிருக்கேன். முதல் வருஷம் ஒரு முனியாண்டி இருந்தான், இப்ப அவன் வேற டிபார்ட்மென்ட்ல முனி. அவன்கிட்ட நான் இன்னும் பேசல.

அக்காகிட்ட சொன்னேன்: நீ முடிவு பண்ணு, நாங்க யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம், அங்க பொங்கலுக்குப் போறது நீதான். ஆனா வேண்டாம்னு சொல்றதா இருந்தா "ஸ்பானிஷ்ல சரியா வரல"ன்னு அம்மாச்சிகிட்ட சொல்லாத. அது பொய். உண்மையச் சொல்லு, அவங்க தாங்கிக்குவாங்க, இதை விடப் பெருசு எல்லாம் தாங்கியிருக்காங்க.

அம்மாச்சிக்கு நேத்து போன் பண்ணி, அந்த ஊர் வீடுகள்லயும் மாரின்னு நிறையப் பேர் இருக்காங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்ப ஆத்தா அங்கயும் போயிருக்கா"ன்னாங்க. மரியா வேற மாரி வேறன்னு சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. விட்டுட்டேன்.

டெலிவரிக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. குரூப்ல ஓட்டெடுப்பு போட்டிருக்கேன். மாரிக்கு இப்ப வரைக்கும் மூணு ஓட்டு: நான், மச்சான், அப்புறம் அம்மாச்சி சொல்லி நான் போட்டது.